வாட்டம்

தை பாதி தாண்டினால் எனக்குச் சீசன்.
அறுப்பு மிஷின் கிளப்பும் தூசி
திருத்துறைப்பூண்டிக் கடைத்தெரு வரைக்கும் வந்து
சங்கத்து பேங்க் ஏ.சி. வடிகட்டியில்
சாக்குப் போட்ட மாதிரி அடைத்துக்கொள்ளும்.

“காத்து வருது, குளிர் வரல.
தண்ணி மட்டும் உள்ளயே ஊத்துது.”
போனில் தையல்நாயகி மேடம், கேஷியர்.
நோயை இவ்வளவு சுத்தமாகச் சொல்பவருக்குப்
பாதிக் கூலியில் வேலை செய்யலாம்.
செய்வதில்லை.

முதலில் மெயினை அணைத்தேன்.
டெஸ்டர் வைத்துப் பார்த்தேன்.
நம்பாமல் இன்னொரு தரம் பார்த்தேன்.
ஏணியைப் பிடித்துக்கொண்டு அசார்
யாருக்கோ வாட்ஸப்பில் சிரித்தான்.

வடிகட்டியைக் குழாயடியில் தட்டியதில்
சம்பாச் சுணை, கொஞ்சம் பதர்,
பல்லி வால் ஒன்று.
பல்லி மொட்டைமாடியில் கிடைத்தது,
வெளி யூனிட்டின் போர்டில்
இரண்டு முனைக்கு நடுவே கருகி.

முத்துப்பேட்டைப் பக்கமிருந்து வரும் காற்று
உப்பைச் சுமந்துகொண்டு சும்மா திரும்பாது.
கண்டென்சரின் ஓரத் தகடுகள்
விரல் பட்டதும் அப்பளமாக உதிர்ந்தன.
மடங்கிக் கிடந்த மிச்சத்தைச் சீப்பு போட்டு வாரினேன்,
பள்ளிக்கூடத்துக்கு நேரமான பிள்ளைக்கு வாருவதுபோல
மேலிருந்து கீழாக, அவசரமாக, வலிக்காமல்.
பிறகு தண்ணீர் அடித்தேன், உள்ளிருந்து வெளியே.
சேறாக இறங்கியது ஒரு வருஷம்.

கெபாசிட்டர் வயிறு உப்பியிருந்தது.
அதை வெறுங்கையால் தொடக்கூடாது.
வரத்து நின்ற பிறகும்
பழைய பாக்கியைப் பிடித்து வைத்திருக்கும் சாமான் அது.
இறக்கிவிட்டுப் புதுசு மாட்டினேன்.

“கேஸ் தீந்துபோச்சா?” என்றார் மேனேஜர்.
எல்லோரும் கேட்பது இதைத்தான்.
கேஸ் தீராது சார், கசியத்தான் செய்யும்.
மூட்டுகளில் சோப்பு நுரை வைத்துக் காத்திருந்தோம்.
ஒரு குமிழிகூட ஊதவில்லை.

கடைசியாகத் தண்ணீர்.
முன்பு மாட்டியவன் மேல்மடை ஆள் போல;
தண்ணீர் தானாகப் போய்விடும் என்று நம்பியிருக்கிறான்.
குழாயை ஜன்னல் கட்டைமேல் ஏற்றி, மறுபடி இறக்கி,
பீரோவுக்குப் பின்னால் படுக்கப் போட்டிருந்தான்.
மேட்டில் தேங்கிப் பாசி பிடித்து
வந்த வழியே திரும்பிப்
பீரோ தலையில் விழுந்துகொண்டிருந்தது.

நான் கடைமடை.
கால் சாண் மேடு ஒரு வாய்க்காலை என்ன செய்யும் என்று
எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

பீரோவை நகர்த்துவதற்காகத் திறந்தார்கள்.
ஊறிப் பொதபொதத்த கட்டுகள்.
பயிர்க்கடன். புயலடித்த வருஷம்.
மேலிருந்து மூன்றாவதில் நான்:
சி. அம்பிகாபதி, ஒன்றேகால் ஏக்கர்.
ஊர்ப்பெயர் நீலமாகக் கரைந்து
அப்பா பெயர் வரை பரவியிருந்தது.
தொகையை மட்டும் வேறு பேனாவில் எழுதியிருக்கிறார்கள்.
அது கரையவில்லை.

“பயப்படாதீங்க, எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கு”
என்றார் தையல்நாயகி மேடம்.
“பயப்படல மேடம்.”

ஜன்னலுக்குக் கீழே சுவரைத் துளைத்து
குழாயைப் புதிதாக எடுத்தேன்.
மீட்டருக்கு ஒரு விரல்கடை வாட்டம்.
தட்டில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிவிட்டு
ஏணிமேலேயே நின்றேன்.
கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை.
அந்தக் கொஞ்ச நேரம் எனக்குப் பழக்கம்.
மேட்டூரில் திறந்துவிட்டார்கள் என்று டிவி சொன்ன பிறகு
நாள்கணக்கில் மதகடியில் நிற்போமே, அது.

சுவருக்கு வெளியே அசார் கத்தினான்:
“வந்துருச்சுண்ணே!”

நான் சிரித்ததை மேடம் பார்த்துவிட்டார்.
ஒரு ஏ.சி.க்கு இவ்வளவு சிரிப்பா என்று
நினைத்திருப்பார்.

பில் ஆயிரத்து எண்ணூறு, கெபாசிட்டர் சேர்த்து.
“உங்க கணக்குலயே போட்டுடட்டுமா?”

அந்தக் கணக்கின் வாட்டம் எந்தப் பக்கம் என்று தெரியும்.
“கையில குடுங்க மேடம்.”